பெர்த் – லண்டன்: மதுரைக்கு மேலே போகாத விமானம்

புதன், பெர்த்

அக்கா மகளுக்கு லண்டனில் நிச்சயதார்த்தம். தாய்மாமன் வராமல் தட்டு மாற்ற முடியாது என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டதால் டிக்கெட் போட்டாயிற்று. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த்தில் ஏறினால் நேரே லண்டனில் இறக்கம். ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் போயிங் 787. அட்டவணைப்படி 17 மணி 20 நிமிடம், தூரம் 14,499 கிலோமீட்டர்.

நேரத்தைப் பார்த்து எல்லோரும் "அம்மாடி!" என்கிறார்கள். எனக்கு என்னவோ அந்தத் தூரம்தான் கண்ணை உறுத்தியது. 14,499 என்று ஒற்றைக் கிலோமீட்டர் வரை துல்லியமாகச் சொல்கிறார்களே, இது எந்த வழியாகப் போனால் வரும் கணக்கு?

மகளிடம் ஒரு பூகோள உருண்டை இருக்கிறது, 30 சென்டிமீட்டர் விட்டம். தையல் நூலை எடுத்து ஒரு முனையைப் பெர்த்தில் அழுத்திப் பிடித்து, மறுமுனையை லண்டன் வரை இழுத்து, தொய்வில்லாமல் விறைப்பாக்கினோம். இரண்டு ஊர்களுக்கும் இடையே பூமியின் மேல் போடக்கூடிய மிகக் குறுகிய கோடு அதுதான். 14,499 என்பது அந்தக் கோட்டின் நீளம். நூல் இந்தியப் பெருங்கடலைச் சாய்வாகக் கடந்து, இலங்கையின் தென்கிழக்கு மூலையில் கரையேறி, கண்டிப் பக்கமாகப் போய், புத்தளம் அருகே மறுபடி கடலில் இறங்கி, மன்னார் வளைகுடாவைத் தாண்டி ராமநாதபுரத்தில் நுழைந்தது. அப்புறம்? "அப்பா, மதுரை!" என்று மகள் கத்தினாள்.

உருண்டையில் ஒரு மில்லிமீட்டர் என்பதே 40 கிலோமீட்டருக்கு மேல். நூலை நம்பி எதுவும் சொல்லிவிட முடியாது. அதனால் அட்சரேகை, தீர்க்கரேகைகளை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நூல் பொய் சொல்லவில்லை. கோடு மதுரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, அழகர்கோயில் பக்கமாகத்தான் போகிறது. அதற்கு அடுத்து திருப்பூர், குடகு, கார்வார் கடற்கரை, அரபிக்கடல். மொத்தப் பயணத்தின் நடுப்புள்ளி மும்பைக்குத் தென்மேற்கே கடலில் விழுகிறது. பிறகு பாகிஸ்தானின் மக்ரான் கரை, ஈரான், ஆர்மேனியா ஓரம், கருங்கடல், ருமேனியா, ஜெர்மனி என்று போய் லண்டன்.

நான் பிறந்து வளர்ந்தது மதுரை. இத்தனை வருடம் பெர்த்தில் இருந்துகொண்டு இது தெரியாமல் போயிற்றே என்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. லண்டன் விசேஷத்தைக் கைப்பேசியில்தான் பார்க்கப் போகிறார்.

"அப்ப நம்ம ஊருக்கு மேலதான் போற?"

"கோடுதாம்மா போகுது. பிளேன் அப்படிப் போகாது."

"ஏய்யா, போற வழின்னா இறங்கி ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போக வேண்டியதுதானே" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் போனை வைத்த பிறகு யோசித்தால் அதில் வேறொரு கணக்கு இருந்தது. பெர்த்திலிருந்து மதுரை 6,100 கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து லண்டன் 8,300 சொச்சம். ஆக மதுரை, லண்டன் பாதையில் பாதிகூட இல்லை. ஆனால் நான் ஊருக்குப் போகும்போது என்ன நடக்கிறது? சிங்கப்பூருக்கு ஐந்தரை மணி நேரம், அங்கே காத்திருப்பு, அப்புறம் மதுரைக்கு நாலு மணி நேரம். காத்திருப்பு நன்றாக அமைந்தால் பதினைந்து மணி நேரம். அமையாவிட்டால் இருபதைத் தாண்டும். பாதித் தூரத்துக்கும் குறைவான மதுரையும், உலகத்தின் மறுகோடியில் இருக்கும் லண்டனும் எனக்குக் கிட்டத்தட்ட ஒரே நேரத் தொலைவில்தான் இருக்கின்றன. நேர் விமானம் விடும் அளவுக்கு எந்த ஊருக்கு ஆள் சேர்கிறது என்பதுதான் இதில் தீர்மானிக்கிற விஷயம். பூகோளத்துக்கு அதில் பெரிய பங்கு இல்லை.

வியாழன், பெர்த்

அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு. பட்டுப்புடவையைப் பெட்டியில் வைத்து, எடை பார்த்து, இரண்டு கிலோவை வெளியே எடுத்து, மறுபடி எடை பார்த்து முடித்தேன். மாலை ஸ்வான் ஆற்றங்கரையில் நடக்கப் போனேன். பல்கலைக்கழகத்தை ஒட்டிய கிராலி, அதை அடுத்த நெட்லண்ட்ஸ் பகுதி. இப்போது அங்கே பாய்மரப் படகுகளும் ஓட்டக்காரர்களும் பார்பிக்யூ அடுப்புகளும்தான். பெர்த்தை உலகத்தின் மறுபக்கத்தோடு ஒரே தாவலில் இணைத்த முதல் விமானங்கள் இந்தத் தண்ணீரிலிருந்துதான் எழும்பின.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதுவரை ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே ஊர் ஊராக இறங்கி ஏறிப் போய்க்கொண்டிருந்த வான்வழி அறுந்துபோனது. மிச்சமிருந்த ஒரே வழி, இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்டுவது. 1943-இல் குவாண்டாஸ் அதைத் தொடங்கியது. தண்ணீரில் இறங்கும் கேட்டலினா வகை விமானங்கள் ஐந்து. பெர்த்தில் கிளம்பி, இலங்கையில் காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரியில் இறங்கும். தூரம் 5,600 கிலோமீட்டருக்கு மேல்; எடுத்துக்கொண்ட நேரம் 27 மணியிலிருந்து 33 மணி வரை.

வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில்தான் இருந்திருக்கிறது. இன்று நம் ஊர் ரயில்களே அதில் பாதிக்கு மேல் ஓடுகின்றன. எரிபொருளை நிரப்பிவிட்டால் வேறு எதற்கும் இடமில்லை. மூன்று பயணிகள், கொஞ்சம் தபால், அவ்வளவுதான். ஜப்பானிய விமானங்களின் கண்ணில் படக்கூடாதென்று வானொலியைப் பயன்படுத்தாமல், நட்சத்திரங்களைப் பார்த்தே திசை கண்டுபிடித்துப் போனார்கள். விமானங்களுக்குப் பெயரும் நட்சத்திரங்களுடையதுதான்: ஆல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரெஸ், ஸ்பைக்கா. நம் கணக்கில் திருவோணம், அபிஜித், ரைஜெல், கேட்டை, சித்திரை. ரைஜெலுக்கு நட்சத்திரப் பொருத்தம் பார்க்க வழியில்லை.

ஒரே பயணத்தில் பயணிகள் இரண்டு முறை சூரிய உதயத்தைப் பார்த்தார்கள். அதனால் இந்தச் சேவைக்கே இரட்டைச் சூரிய உதயம் என்று பெயர் வந்தது. பயணம் செய்தவர்களுக்கு, "இரட்டைச் சூரிய உதயத்தின் இரகசியக் கழகத்தில்" உறுப்பினராகிவிட்டதாக ஒரு சான்றிதழும் கொடுத்திருக்கிறார்கள். 1945 வரை 271 முறை கடலைக் கடந்தார்கள். போர் முடிந்ததும், அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற விமானங்கள் என்பதால் ஒப்பந்தப்படி அவற்றைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.

போருக்குப் பிறகு 1947 டிசம்பரில் கான்ஸ்டலேஷன் விமானத்தில் சிட்னி–லண்டன் சேவை தொடங்கியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று இறங்கி இறங்கி நாலு நாள் பயணம். கங்காரு வழி என்ற பெயர் சும்மா வரவில்லை. பெர்த்–லண்டன் நிற்காத விமானம் வந்தது 2018 மார்ச் 24-இல். ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் நிற்காமல் இணைத்த முதல் வழக்கமான பயணிகள் சேவை அதுதான்.

வெள்ளி, விமானத்தில்

மாலை 6.45-க்குப் புறப்பாடு. செப்டம்பர் கடைசி என்பதால் 6.10-க்கே சூரியன் இறங்கிவிட்டது. காத்திருப்புக் கூடத்தில் பாதிப் பேர் தாத்தா பாட்டிகள், பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள். பெர்த்தில் தடுக்கி விழுந்தால் இங்கிலாந்தில் பிறந்த ஒருவர் மேல்தான் விழ வேண்டும். இந்த வழியில் நேர் விமானம் ஓடுவதற்கு அவர்கள்தான் காரணம்.

மொத்தம் 236 இருக்கைகள். இதே ரக விமானத்தை வேறு நிறுவனங்கள் சில 290 பேருக்கு மேலும் அடைத்து ஓட்டுகின்றன. இங்கே குறைவாக வைத்திருப்பது தாராள மனத்தால் மட்டும் இல்லை, எடைக்காகவும்தான். புறப்படும்போது இந்த விமானம் அதிகபட்சம் 254 டன் இருக்கலாம். தொட்டி நிறைய நிரப்பினால் எரிபொருளே 100 டன். அந்த எரிபொருளில் ஒரு கணிசமான பங்கு, மிச்ச எரிபொருளைச் சுமப்பதற்கே செலவாகிறது. கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டக் கடன் வாங்குகிற கதை. இதனால்தான் 14,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், கூடுதலாகப் போகும் ஒவ்வொரு நூறு கிலோமீட்டரும் கணக்கைப் பிடித்து உலுக்குகிறது.

விமானி பேசினார். ஓட்டுவதற்கு நாலு பேர் இருக்கிறார்களாம், மாறி மாறித் தூங்குவார்களாம். இன்றைக்கு எதிர்க்காற்று கொஞ்சம் இருப்பதால் 17 மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டியிருக்கும் என்றார். பக்கத்து இருக்கைப் பெரியவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, "இனி இதைப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அனுபவசாலி.

நான் திரையில் வரைபடத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். படம் பார்க்கலாம்தான், ஆனால் எனக்கு எப்போதும் அந்தக் குட்டி விமானம் நகர்வதைப் பார்ப்பதில்தான் சுகம். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்தால் 14,499-க்குப் பதினாறு மணி நேரம் சொச்சம்தான் ஆக வேண்டும். மேலேறவும் கீழிறங்கவும் ஆகும் மெதுவான நேரம், ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரம், சுற்றுவழி, எதிர்க்காற்று எல்லாம் சேர்ந்துதான் மிச்சம். சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்றாலே பதினாறு மணி நேரத்தில் 800 கிலோமீட்டர் கழிந்துவிடும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதிலேயே போச்சு.

சுற்றுவழிக்கு வருவோம். மகள் பிடித்த நூல் ஈரானுக்கு மேலேயும் கருங்கடலுக்கு மேலேயும் போனது. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதிலிருந்து உக்ரைன் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. ஈரான் வானம் அவ்வப்போது ஆபத்தாகிவிடுகிறது. 2024 ஏப்ரலில் அப்படி ஒதுங்கிப் போக வேண்டி வந்தபோது, இந்த விமானம் சில காலம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு லண்டன் போனது. வேடிக்கை என்னவென்றால், அதே நாட்களில் லண்டனிலிருந்து பெர்த் வந்த விமானம் நிற்கவில்லை. மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளியதால் இருந்த எரிபொருளே போதுமாக இருந்தது. தூரம் ஒன்று, விமானம் ஒன்று, காற்றின் திசை மட்டும் வேறு.

இன்றைக்குப் பாதை பெர்த்திலிருந்து வடமேற்காக மாலத்தீவுகளின் தெற்கு நுனி, அங்கிருந்து ஓமான், சவுதி, எகிப்து, மத்தியதரைக் கடல். சுவரில் மாட்டும் தட்டையான உலகப் படத்தில் பெர்த்துக்கும் லண்டனுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் ஏறக்குறைய இப்படித்தான் வரும். "உருண்டையில் பார்க்க வேண்டும், தட்டைப் படத்தை நம்பாதே" என்று மகளுக்கு இரண்டு நாளாகப் பாடம் நடத்தியிருந்தேன். போர்கள் சேர்ந்து தட்டைப் படத்தை ஜெயிக்க வைத்துவிட்டன.

சாப்பாடு வந்தது. லண்டன் நேரத்துக்கு உடம்பைப் பழக்குவதற்காக உணவு நேரத்தையும் விளக்கு வெளிச்சத்தையும் கூட ஆராய்ந்து அமைத்திருக்கிறார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த வேலை அது. எனக்கு வந்த பருப்பில் உப்பு இல்லை. மேலே, வறண்ட காற்றில் நாக்குக்கே சுவை குறையும் என்பதால் பருப்பைத் திட்டுவதில் நியாயமில்லை. அக்கா வீட்டு ரசத்தை நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

பெர்த் நேரம் நள்ளிரவு ஒன்றே முக்கால் இருக்கும், அட்டு பவளத்தீவு திரையில் வந்தது. விமானம் கிளம்பி ஏழு மணி நேரம் ஆகப்போகிறது. கீழே மாலத்தீவின் தென்கோடி, பூமத்திய ரேகை. மதுரை வலப்புறம் 1,300 கிலோமீட்டர் தள்ளி. அங்கே இரவு பதினொன்றேகால், அம்மா தூங்கியிருப்பார். நான் உட்கார்ந்திருந்தது இடப்பக்கம், சன்னலில் ஒன்றுமில்லை, இருட்டு மட்டும்தான்.

அப்புறம் தூங்கிப்போனேன். எழுந்தபோது ஓமான். மறுபடி தூங்கி எழுந்தபோது எகிப்து. கழிப்பறைப் பக்கம் பத்துப் பேர் நின்று கையைக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். அந்நியர்களுக்கு இடையே அங்கே ஒரு கூச்சமும் இல்லை. ஒரு அம்மாள் எனக்குக் கணுக்காலை எப்படிச் சுழற்ற வேண்டும் என்று செய்துகாட்டினார். பதின்மூன்றாவது மணிக்கு மேல் யாரும் படம் பார்ப்பதில்லை என்பதைக் கவனித்தேன். எல்லோர் திரையிலும் அதே குட்டி விமானம்.

கேட்டலினாவில் போனவர்கள் இரண்டு உதயம் பார்த்தார்கள். நாங்கள் இரவின் கூடவே மேற்கே ஓடினோம். பெர்த்தில் சூரியன் மறைந்ததிலிருந்து லண்டனில் அது எழும் வரை கணக்குப் போட்டால், இருபது மணி நேரத்துக்குக் கால் மணிதான் குறைவு. இவ்வளவு நீளமான ராத்திரியை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. சிட்னியிலிருந்து லண்டனுக்கு, 17,000 கிலோமீட்டரை நிற்காமல் கடக்க குவாண்டாஸ் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அந்தப் பழைய விமானங்களின் நினைவாக அதற்குச் சூரிய உதயத் திட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சனி, லண்டன்

ஹீத்ரோவில் இரவு விமானங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஊர்க்காரர்கள் தூங்க வேண்டும் என்பதால் இரவில் இத்தனை விமானங்கள்தான், இவ்வளவு சத்தம்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருபவை எல்லாம் விடியற்காலையில் வந்து குவியும்போது, வானத்தில் அடுக்கடுக்காகச் சுற்றவிட்டு ஒவ்வொன்றாக இறக்குவார்கள். பதினேழு மணி நேரம் கடலும் பாலைவனமும் தாண்டி வந்துவிட்டு, தென்கிழக்கு லண்டனுக்கு மேல் இரண்டு வட்டம் அடித்தோம். பக்கத்துப் பெரியவர் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து, ஏழு மணி நேரம் பின்னால் திருப்பிக் கட்டிக்கொண்டார்.

இறங்கியபோது மணி 5.15. வெளியே வந்தால் அத்தான் கையில் ஜெர்கினோடு நின்றுகொண்டிருந்தார். "வாங்க மாப்ள, குளிரும், முதல்ல இதைப் போடுங்க." ஹாரோ வரை காரில் ஒரு மணி நேரம். வழியெல்லாம் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிய விவரம். அக்கா வீட்டில் ரசம் இருந்தது. ரசத்தைப் பற்றி மட்டும் தனிப் பதிவு எழுதலாம், எழுத மாட்டேன்.

கிழக்கே பறப்பதைவிட மேற்கே பறந்தால் உடம்பு சீக்கிரம் பழகிக்கொள்ளும் என்பார்கள். நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணியைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுகிறது. அதனால் நாளை நீட்டுவது எளிது, சுருக்குவது கஷ்டம். இருக்கட்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு, தாம்பூலப் பை எத்தனை வாங்கலாம் என்று அக்கா கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் சோபாவில் விழுந்துவிட்டேன். பெர்த்தில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது.

ஞாயிறு, லண்டன்

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. தட்டை மாற்றினேன். அம்மா மதுரையிலிருந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டே, "தேங்காயை இந்தப் பக்கம் திருப்பி வைங்க" என்று லண்டனை இயக்கினார். அவர் குரல் வந்து சேர ஒரு நொடிகூட ஆகவில்லை. கல்யாணம் மதுரையில், தை மாதம்.

திங்கள், கிரீனிச்

அக்காவும் அத்தானும் வேலைக்குப் போய்விட்டார்கள். அக்கா மகள், "மாமா, எங்க போகணும்?" என்றாள். தீர்க்கரேகைக் கணக்குப் போட்டவன் வேறெங்கே போவேன்? ரயிலில் கிரீனிச் போய்ச் சேர்ந்தோம்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே கட்டி சார்க் கப்பல். 1869-இல் கட்டியது. முதலில் சீனத் தேயிலைக்கு ஓடியது. சூயஸ் கால்வாய் அதே வருடம் திறந்து நீராவிக் கப்பல்கள் குறுக்கு வழியில் போகத் தொடங்கியதும் அந்த வியாபாரம் கைநழுவிப் போனது. பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து கம்பளி ஏற்றிவந்தது. 1885-இல் சிட்னியிலிருந்து லண்டனுக்கு 73 நாளில் வந்தது அதன் பெருமை. எந்த வழியாக? மேற்கே திரும்பி இந்தியப் பெருங்கடல் வழியாக இல்லை. கிழக்கே பசிபிக்கைக் கடந்து, தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றி, அட்லாண்டிக்கில் வடக்கே ஏறி வந்திருக்கிறது. தென்கோளத்தில் அந்த அட்சரேகைகளில் மேலைக்காற்று வருடம் முழுவதும் வீசும். மாலுமிகள் கிலோமீட்டரை எண்ணவில்லை, காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டால் போதும் என்று பூமியை மறுபக்கமாகச் சுற்றினார்கள். வெள்ளிக்கிழமை இரவு முழுக்க நான் எதிர்க்காற்றுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததால், அந்தக் கப்பலின் அடிப்பகுதியில் கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றேன். அக்கா மகள் அதற்குள் காப்பி குடித்துவிட்டு வந்தாள்.

மலைமேல் ஆய்வுக்கூடம். 1675-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் தொடங்கியது. கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகவே. வடக்கு தெற்கு தெரிந்துகொள்ளச் சூரியனோ துருவ நட்சத்திரமோ போதும். கிழக்கு மேற்குதான் பிரச்சினை. அதற்கு நேரம் தெரிய வேண்டும். பூமி ஒரு பாகை திரும்ப நாலு நிமிடம். கிளம்பிய ஊரின் நேரத்தைத் தப்பாமல் காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருந்தால், உச்சி வேளையை வைத்து எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்லிவிடலாம். தச்சராக இருந்து கடிகாரம் செய்யக் கற்ற ஜான் ஹாரிசன் அதைச் செய்தார். அவருடைய கடிகாரங்கள் இங்கேதான் இருக்கின்றன. முதல் மூன்றும் மேஜையை அடைத்துக்கொள்ளும் பித்தளை எந்திரங்கள். நாலாவது, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஒரு சட்டைப்பைக் கடிகாரம் மாதிரி. ஜெயித்தது அந்தச் சின்னதுதான்.

வெளியே, தீர்க்கரேகைக் கணக்கு தொடங்கும் சுழிப் பாகைக் கோட்டின் மேல் இரண்டு காலையும் விரித்து வைத்துப் படம் எடுக்க நீண்ட வரிசை. கைப்பேசியில் பார்த்தால் சுழி வருவது இந்தக் கோட்டிலிருந்து நூறு மீட்டர் கிழக்கே, பூங்காவின் புல்வெளியில். 19-ஆம் நூற்றாண்டில் தூக்குக்குண்டு எந்தப் பக்கம் தொங்குகிறதோ அதை வைத்துச் செங்குத்தைத் தீர்மானித்தார்கள். உள்ளூர் ஈர்ப்பு விசை அதைச் சிறிது சாய்த்துவிடும். செயற்கைக்கோள் பூமியின் மையத்திலிருந்து அளக்கிறது. அக்கா மகளிடம் சொன்னேன். "அங்க யாருமே இல்ல மாமா, அங்கயே எடுத்துக்கலாம்" என்று புல்வெளிக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டோம்.

இந்தக் கணக்கில் பெர்த்தின் உண்மையான சூரிய நேரம் கிரீனிச்சுக்கு 7 மணி 43 நிமிடம் முன்னால். மதுரை 5 மணி 12 நிமிடம். இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் 1906-இல் வருவதற்கு முன்பு, ரயில்கள் மதராஸ் நேரத்தில்தான் ஓடின. அந்த நேரத்தைச் சொன்னது நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய ஆய்வுக்கூடம். கிரீனிச்சுக்கு வந்து போகிற கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு நுங்கம்பாக்கத்துக்குப் போனால் நன்றாயிருக்கும்.

ஒரு மணிக்குக் கூரைமேல் இருக்கும் சிவப்புப் பந்து விழுந்தது. 1833 முதல் தேம்ஸில் நிற்கும் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிபார்க்க வைத்த ஏற்பாடு. 12.55-க்குப் பாதி ஏறும், 12.58-க்கு உச்சி தொடும், ஒன்றுக்கு விழும். கீழே இருந்த ஐம்பது பேரும் கைத்தட்டினார்கள். என் வயிற்றுக்கு அது பெர்த்தின் இரவு எட்டு மணி, சாப்பாட்டு நேரம்.

வியாழன், பெர்த்

நேற்றுக் காலை 11.50-க்கு லண்டனில் கிளம்பினோம். இந்த முறை பகல் எங்களை நோக்கி ஓடிவந்து தாண்டிப் போனது. மதியச் சாப்பாட்டுத் தட்டை எடுத்த கொஞ்ச நேரத்திலேயே மத்தியதரைக் கடலுக்கு மேல் அந்தி. தூங்கலாம் என்று பார்த்தால் அதற்குள் இந்தியப் பெருங்கடலில் விடிந்துவிட்டது. போகும்போது ஒரே நீண்ட இரவு, வரும்போது அரைகுறை இரவு.

நேரம் மட்டும் மிச்சம். பின்காற்றில் 16 மணி 20 நிமிடத்தில் தரை தொட்டோம். போனதைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைவு. அக்கா பெட்டியில் வைத்துக் கட்டியிருந்த முறுக்கு, அதிரசம், நிச்சயத் தட்டிலிருந்த வெற்றிலை பாக்கு, முழுத் தேங்காய் ஒன்று, எல்லாவற்றையும் படிவத்தில் ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். எழுதியவர்களுக்குத் தனி வரிசை. அதிகாரி ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பார்த்து, முறுக்குக்கும் அதிரசத்துக்கும் தலையாட்டி, வெற்றிலையையும் தேங்காயையும் மஞ்சள் தொட்டியில் போட்டார். வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். காற்று மிச்சம் பிடித்துக் கொடுத்ததில் முக்கால் மணி நேரம் தேங்காய்க்கே போயிருந்தது.